கடல் முள்ளெலியின் முட்டை கருவுறுவதைக் கண்ணால் பார்க்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள பாறைக் குழிகளில் கருமுள் நீட்டிக் கிடக்கும் ஸ்டோமோப்நியூஸ்டெஸ் என்ற கடல் முள்ளெலி, தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் எந்த இனத்தை எடுப்பதானாலும் முதலில் பெர்மிட். 1998-ஆம் ஆண்டுக் கடல்வாழ் வளச் சட்டம் இதற்குப் பொருந்தும். வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வழியில்லை, ஆகவே ஐந்தாறு வேண்டும்.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 3.7 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரையுங்கள். வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில், நடுவிலுள்ள பற்களில் படாமல் ஊசியைச் சாய்த்து, இரண்டு இடத்தில் அரை அரை மி.லி. செலுத்தி மெல்லக் குலுக்குங்கள். பொட்டாசியம் பட்டதும் இனப்பெருக்கச் சுரப்பியின் தசை சுருங்கும். உச்சியிலுள்ள ஐந்து துளைகளில் சில நிமிடங்களில் கசிவு தெரியும். பால் வெள்ளை என்றால் விந்து, மஞ்சளோ ஆரஞ்சோ என்றால் முட்டை. பருவமில்லாத காலத்தில் எத்தனை முறை குத்தினாலும் வராது.

பெண்ணை, விளிம்பு வரை கடல்நீர் நிரப்பிய பீக்கரின் மேல் தலைகீழாக வையுங்கள். முட்டை இழை இழையாக இறங்கும். அது படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டுப் புதுக் கடல்நீர் விடுங்கள், இரண்டு மூன்று முறை. ஆணிடம் மட்டும் நீர் படக்கூடாது. உலர்ந்த டிராப்பரால் உறிஞ்சி ஐஸில் வைத்தால் விந்து பல மணி நேரம் தாங்கும். நீரில் கலந்துவிட்டால் நீந்தி நீந்திச் சீக்கிரமே ஓய்ந்துவிடும். முட்டைக்கு ஒரு டிராப்பர், விந்துக்கு வேறு. இதில் அசட்டையாக இருந்தால் நீங்கள் பார்க்கும் முன்பே எல்லாம் கருவுற்றிருக்கும்.

ஒரு சொட்டு விந்தை 10 மி.லி. கடல்நீரில் கலக்கி, அதிலிருந்து இரண்டு மூன்று சொட்டு மட்டும் முட்டையில் விடுங்கள். பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். நீர் கலங்கலாகத் தெரிந்தாலே விந்து மிகுதி. ஒரே முட்டைக்குள் பல விந்தணு புகுந்தால், முதல் பிளவில் இரண்டுக்குப் பதிலாக மூன்று நான்கு செல் தாறுமாறாக வரும், கரு செத்துவிடும்.

நுண்ணோக்கியில் நூறு மடங்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் முட்டையின் மேற்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய உறை ஒரு பக்கம் தொடங்கிக் கொப்புளம்போல் எழும்பி, முழு வட்டமாக நிற்கும். அதற்குப் பின் வரும் விந்தணு எதுவும் உள்ளே நுழையாது. வட்டமே எழவில்லையா? பாத்திரத்தில் சோப்பு, முன்பு வைத்திருந்த ஃபார்மலின் (உயிரிகளைக் கெடாமல் வைக்கும் திரவம்), குழாய்த் தண்ணீர் இம்மூன்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

24 டிகிரி வாக்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முதல் பிளவு. தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கத்துக் குளிர்நீர் இனமான பாரெகினஸுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். மறுநாள் கரு உறையைக் கிழித்து வெளிவந்து நீந்தும். இரண்டு மூன்று நாளில் கால் நீட்டிய லார்வா, அதற்கு ஒற்றைச் செல் பாசி ஊட்ட வேண்டும்.

இதே ஊசியை நட்சத்திர மீனுக்குப் போட்டுப் பயனில்லை. கடல் முள்ளெலியின் முட்டை முதிர்ந்தே வெளிவரும். நட்சத்திர மீனின் முட்டையோ முதிர்ச்சி பாதியில் நின்றபடி உள்ளே கிடக்கும். அதை எழுப்புவது 1-மெத்தில் அடினைன் என்ற ஹார்மோன், 1969-இல் ஜப்பானிய விஞ்ஞானி கனடானி கண்டறிந்தது. அதைச் செலுத்தி அரை மணிக்கு மேல் காத்திருங்கள். முட்டையின் நடுவே தெளிந்து தெரியும் பெரிய உட்கரு கரைந்து மறைந்தால்தான் விந்து சேர்க்கும் நேரம்.