ஆஸ்துமா எவ்வளவு கடுமை, எந்த மருந்தில் தொடங்குவது

மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததுமே "கடுமையான ஆஸ்துமா" என்று சீட்டில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அன்று கண்ணுக்குத் தெரிவது அந்தத் திணறலின் கடுமை மட்டுமே. நோயின் கடுமை வேறு, நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகிவிட்டால் மருந்தைத் தேர்வது பெரிய சிக்கல் இல்லை. இங்கே சொல்லும் அளவுகள் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானவை.

முதலில், ஆஸ்துமாதானா?

ஸ்பைரோமெட்ரி (ஊதும் காற்றை அளக்கும் சோதனை) செய்து, 200 முதல் 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்து) இழுக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்லுங்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. கூடவில்லை என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நன்றாக இருக்கும் நாளில் சோதனையும் நன்றாகத்தான் வரும். அப்போது பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) காலையும் மாலையும் 2 வாரம் ஊதிக் குறித்துவரச் சொல்லலாம். நாளுக்குள் ஏற்படும் ஏற்ற இறக்கம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் சான்றுதான். அழற்சியைக் குறைக்கும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும் என்பதால், முடிந்தவரை மருந்துக்கு முன்பே சோதியுங்கள். நோயாளி திணறிக்கொண்டிருந்தால் சோதனை காத்திருக்கட்டும்.

கட்டுப்பாட்டைக் கேட்கும் விதம்

கடந்த 4 வாரங்களைப் பற்றி நான்கு கேள்விகள். பகலில் இரைப்போ இருமலோ வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் வந்ததா? ஒரு இரவாவது ஆஸ்துமாவால் விழிப்பு வந்ததா? உடனடி நிவாரண சால்பியூட்டமால் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஏதாவது வேலையை ஆஸ்துமாவால் குறைத்துக்கொண்டாரா? எதற்குமே "ஆம்" இல்லையென்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு என்றால் பாதிக் கட்டுப்பாடு, மூன்று அல்லது நான்கு என்றால் கட்டுப்பாடே இல்லை.

"எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். பல வருடமாக மூச்சிரைப்போடு வாழ்பவருக்கு அதுவே இயல்பாகிவிட்டிருக்கும். "மாடிக்கு நடந்து ஏறுறீங்களா, இல்லை ஏறுறதையே விட்டுட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும்.

அறிகுறி குறைவாக இருந்தாலும் ஆபத்து அதிகமாக இருக்கலாம். கடந்த ஓராண்டில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட திணறல், எப்போதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது, புகைப்பழக்கம், நுரையீரல் திறன் (முதல் நொடியில் ஊதும் காற்று) இருக்க வேண்டிய அளவில் 60 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது ஆகியவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள். நீல இன்ஹேலர், அதாவது சால்பியூட்டமால், எத்தனை தீர்ந்தது என்பதையும் எண்ணுங்கள். 200 பஃப் (ஒரு அழுத்தலில் வரும் மருந்து ஒரு பஃப்) கொண்ட டப்பா ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் காலியானால் கடும் திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. 12 அல்லது அதற்கு மேல் என்றால் உயிராபத்தே கூடுகிறது. மாதம் ஒரு டப்பா என்பது நாளுக்கு ஆறேழு பஃப். அதை எந்தக் கணக்கிலும் லேசான ஆஸ்துமா என்று சொல்ல முடியாது.

எந்தப் படியில் தொடங்குவது

அவ்வப்போது வருவது, தொடர்ந்து இருக்கும் லேசானது, நடுத்தரம், கடுமை என்ற பழைய நான்கு பிரிவு இன்னும் பல சீட்டுகளில் ஓடுகிறது. அதன் கெடுதல் முதல் பிரிவில்தான் இருந்தது: "அவ்வப்போதுதானே" என்று சால்பியூட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. நிவாரணம் கிடைப்பதால் நோய் முற்றுவதும் தெரியாமல் போகும். 2019 முதல் ஜினா என்ற உலகளாவிய வழிகாட்டுதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. எந்தப் படியிலும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இருந்தே ஆக வேண்டும்.

முதல் தேர்வு புடசோனைடும் (ஸ்டீராய்டு) ஃபார்மோடெராலும் (மூச்சுக்குழாய் விரிப்பான்) சேர்ந்த இன்ஹேலர், ஓர் இழுப்பில் முறையே 200/6 மைக்ரோகிராம். அறிகுறி வாரத்தில் சில நாள் மட்டும் என்றால் தேவைப்படும்போது ஓர் இழுப்பு போதும். அன்றாட மருந்து வேண்டாம். பெரும்பாலான நாட்களில் அறிகுறி இருந்தாலோ, வாரத்துக்கு ஒருமுறையாவது இரவில் விழிப்பு வந்தாலோ தினமும் ஓர் இழுப்பு, ஒரு வேளையோ இரு வேளையோ. அன்றாடம் அறிகுறி, இரவு விழிப்பு, கூடவே நுரையீரல் திறனும் குறைவு என்றால் 2 இழுப்பு வீதம் இரு வேளை. அன்றாட மருந்து எடுப்பவரும் இடையே திணறினால் அதே இன்ஹேலரையே இழுக்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 12 இழுப்பைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையை நெருங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சால்மெடெரால், ஃப்ளூடிகசோன் சேர்ந்த இன்ஹேலரும் பார்க்க இதே மாதிரி இருக்கும். ஆனால் ஃபார்மோடெரால் போல இல்லாமல் சால்மெடெரால் மெதுவாக வேலை செய்வது. அதைத் திணறும்போது இழுக்கச் சொல்லக் கூடாது. அதை எடுப்பவருக்கு நிவாரணத்துக்குத் தனி இன்ஹேலர் தேவை. ஃபார்மோடெரால், சால்மெடெரால் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் விரிப்பான்களை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாகக் கொடுப்பது ஆஸ்துமாவில் எப்போதும் தவறு.

ஒன்று முதல் மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள். நோயின் உண்மையான கடுமை இனிமேல்தான் தெரியும்: எவ்வளவு மருந்தில் அவர் நன்றாக இருக்கிறாரோ அதுவே அவருடைய நோயின் அளவு. குறைந்த அளவில் அடங்கினால் லேசானது. அதிக அளவு கொடுத்தும், ஒழுங்காக எடுத்தும் அடங்கவில்லை என்றாலோ, அதிக அளவு இருந்தால்தான் அடங்கும் என்றாலோ கடுமையான ஆஸ்துமா.

அடங்காதபோது

அளவைக் கூட்டும் முன் இன்ஹேலரைக் கையில் கொடுத்து, உங்கள் எதிரே இழுக்கச் சொல்லுங்கள். ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக ஆழமாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பிறகு 10 நொடி அடக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். பொடி வகை நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதினால் பொடி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது இதைச் சொல்லாமல் விடுவதால்தான் "புது மருந்து சரியில்லை" என்று திரும்பி வருகிறார்கள். ஸ்பேசரில் (ஸ்ப்ரேயோடு பொருத்தி இழுக்கும் குடுவை) ஒரு நேரத்துக்கு ஒரு பஃப்தான். அதைக் கழுவிய பின் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துடைத்தால் நிலை மின்சாரம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டும். மருந்து மிச்சமிருக்கிறதா என்று டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிடுவது நம்பத்தக்க வழி அல்ல. ஸ்டீராய்டு இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்பூஞ்சை வரும்.

பிறகு மூக்கு அலர்ஜி, நெஞ்செரிச்சல், உடல் எடை, புகை, வேலையிடத்துத் தூசு எல்லாம் பார்க்கப்பட வேண்டியவை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் மூச்சுக்குழாயைச் சுருக்கும். அதைக் கேட்க யாருக்கும் நினைவு வருவதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் நுரையீரல் நிபுணரிடம் அனுப்புங்கள். டியோட்ரோபியம் என்ற இன்னொரு விரிப்பானைச் சேர்ப்பதும், ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை போன்றவற்றைப் பார்த்து ஒமாலிசுமாப், மெபோலிசுமாப் மாதிரியான ஊசிகளைத் தேர்வதும் அவர் வேலை.

திணறல் வந்த நேரத்தில்

முழு வாக்கியமாகப் பேச முடியாமல் சொல் சொல்லாகப் பேசுவது, நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு, 120-க்கு மேல் நாடித்துடிப்பு, ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழ், இவை கடுமையின் அடையாளங்கள். மயக்கம், குழப்பம், ஸ்டெதஸ்கோப்பில் சத்தமே கேட்காத நெஞ்சு என்றால் தாமதம் கூடாது. விசில் சத்தம் நின்றதை முன்னேற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பேசர் வழியாக சால்பியூட்டமால் 4 முதல் 10 பஃப், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வரை. கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 முதல் 50 மில்லிகிராம் தொடங்கி, 5 முதல் 7 நாள். ரத்த ஆக்சிஜன் அளவை 93 முதல் 95 சதவீதத்தில் வைத்திருங்கள். கடுமையாக இருந்தால் இப்ராட்ரோபியம் என்ற வேறு வகை விரிப்பானையும் சேர்த்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

குறைப்பது

3 மாதம் தொடர்ந்து கட்டுக்குள் இருந்தால் ஸ்டீராய்டு அளவை 25 முதல் 50 சதவீதம் குறைக்கலாம். சளிக் காய்ச்சல், பயணம், கர்ப்பம் இருக்கும்போது தொட வேண்டாம். பீக் ஃப்ளோ குறிப்பைத் தொடரச் சொல்லுங்கள்; பழைய அளவுக்கு எப்போது திரும்ப வேண்டும் என்பதை எழுதியே கொடுங்கள். ஸ்டீராய்டை முழுவதுமாக நிறுத்தி நீல இன்ஹேலரோடு அனுப்பிவைப்பது மட்டும் வேண்டாம்.