கூட்டணி அரசின் புதிய மாற்றங்கள் பற்றிய நம் கருத்தைக் கணக்கில் ஏற்றுவது எப்படி

2024 மே 29 அன்று நடந்த தென்னாப்பிரிக்கத் தேர்தலில், அதுவரை தனித்து ஆண்ட ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) கட்சிக்கு 400 இடங்களில் 159 மட்டுமே கிடைத்தன. அதனால் 87 இடங்கள் பெற்ற டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி) கட்சியையும் வேறு பல சிறு கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு தேசிய ஒற்றுமை அரசு அமைந்தது. அன்றிலிருந்து சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் லெனேசியாவிலும் தமிழர் கூடுமிடமெல்லாம் இந்த அரசின் முடிவுகளைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. வாட் வரி, பள்ளிச் சட்டம், நில எடுப்புச் சட்டம் என்று ஒவ்வொன்றிலும் நம்மவர்களுக்குத் தெளிவான, அனுபவத்தில் ஊறிய கருத்து இருக்கிறது. ஆனால் அந்தக் கருத்தில் பெரும்பகுதி கோயில் மண்டபத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் லோட்டஸ் எஃப்.எம். வானொலி நிகழ்ச்சிகளிலும் பேசப்பட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. நாடாளுமன்றக் குழுவின் ஏட்டில் ஏறாத கருத்து, எத்தனை நியாயமானதாக இருந்தாலும், அந்தக் குழு பதில் சொல்லியாக வேண்டிய கருத்து ஆகாது. அதை ஏட்டில் ஏற்றுவதற்கான வழியைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் எதிர்க்கவோ ஆதரிக்கவோ நினைக்கும் மாற்றம் எப்போது, யாரால் கொண்டுவரப்பட்டது என்று பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும். புதிய அரசின் தலையில் சுமத்தப்படும் மூன்று பெரிய சட்டங்களும் உண்மையில் தேர்தலுக்கு முந்தைய நாடாளுமன்றம் நிறைவேற்றியவை. தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் சிரில் ராமபோசா 2024 மே 15 அன்று, தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, கையெழுத்திட்டார். பேலா என்று எல்லோரும் அழைக்கும் பள்ளிக் கல்வித் திருத்தச் சட்டம் 2024 செப்டம்பர் 13 அன்றும், நில எடுப்புச் சட்டம் 2025 ஜனவரியிலும் கையெழுத்தாயின. ஆனால் அவற்றின் வாசகம் முன்பே முடிவாகிவிட்டது. இப்படி நிறைவேறிய சட்டத்தைப் பற்றி 'மசோதாவை நிறுத்துங்கள்' என்று எழுதுவதில் பயன் இல்லை. விதிமுறைகள் எப்படி எழுதப்பட வேண்டும், எந்தப் பிரிவு எப்போது நடைமுறைக்கு வர வேண்டும், எந்தத் திருத்தம் தேவை என்று கேட்டால்தான் பொருள் உண்டு. பேலாவில் மாணவர் சேர்க்கை பற்றிய 4ஆம் பிரிவும், பள்ளியின் மொழிக் கொள்கை பற்றிய 5ஆம் பிரிவும் மூன்று மாதப் பேச்சுவார்த்தைக்காக நிறுத்திவைக்கப்பட்டு, 2024 டிசம்பர் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தன. அந்த மூன்று மாதங்களே கருத்துச் சொல்லச் சரியான காலமாக இருந்தன.

அடுத்து, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கட்சி ஆண்ட காலத்தில் இது எளிது. இப்போது துறை ஒரு கட்சியிடமும் சட்டத்தில் கையெழுத்திடும் அதிபர் பதவி இன்னொரு கட்சியிடமும் இருக்கின்றன. அடிப்படைக் கல்வி அமைச்சர் சிவிவே குவாரூபே டி.ஏ. கட்சியைச் சேர்ந்தவர். பேலாவில் கையெழுத்தான விழாவுக்கு அவர் போகவில்லை, ஆனாலும் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவருடையதே. நில எடுப்புச் சட்டம் வரும் பொதுப்பணித் துறையும் டி.ஏ.வின் டீன் மக்ஃபர்சனிடம் இருந்தது, அதே சட்டத்தை எதிர்த்து அவருடைய கட்சி நீதிமன்றத்துக்குப் போனது. ஆகவே ஒரு மனுவை ஒரே இடத்துக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. நாடாளுமன்றத்தின் துறைசார் குழு, அமைச்சர் அலுவலகம், அந்தக் குழுவில் உறுப்பினர் வைத்திருக்கும் ஒவ்வொரு கூட்டணிக் கட்சி ஆகிய எல்லாருக்கும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். ஒரு கட்சியிடம் ஒன்றும் மற்றொன்றிடம் வேறொன்றும் சொல்வது நம் நம்பகத்தைக் குலைக்கும். குவாசுலு-நட்டாலில் மாகாண அரசும் கூட்டணிதான். இன்காதா கட்சியின் தாமி ன்டூலி முதல்வராக இருக்க, ஏ.என்.சி.யும் டி.ஏ.வும் உடன் அமர்ந்தன. பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் அன்றாடம் நடத்துவது மாகாணமே என்பதால், பல குறைகளுக்கு நாடாளுமன்றம் உள்ள கேப் டவுனை விட மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான் சரியான முகவரி.

வாட் வரி கற்றுத் தந்தவை

இந்தக் கூட்டணி ஆட்சியில்தான் தொடங்கியது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க முதல் பெரிய மாற்றம் 2025இன் வாட் வரித் திட்டம். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மக்கள் எதிர்ப்பு எப்போது வேலை செய்கிறது, எப்போது தனியாகப் போதாது என்ற இரண்டும் அதில் தெரிகின்றன. 2018இல் 14 சதவீதத்திலிருந்து 15 ஆன வரியை 17 ஆக்க நிதியமைச்சர் ஈனோக் கோடோங்வானா திட்டமிட்டார். கூட்டணிக் கட்சிகள் ஒப்பாததால் 2025 பிப்ரவரி 19 அன்று படிக்க வேண்டிய பட்ஜெட்டே தள்ளிப்போனது. மார்ச் 12 அன்று வந்த இரண்டாவது பட்ஜெட்டில், மே 1 முதல் அரை சதவீதமும் அடுத்த ஆண்டு இன்னொரு அரை சதவீதமும் கூடும் என்றார். ஏப்ரல் 2 அன்று, மொத்த வரவு செலவு அளவை வகுக்கும் நிதிக் கட்டமைப்பு 194க்கு 182 என்ற வாக்கில் நிறைவேறியது. கூட்டணியில் இருந்துகொண்டே டி.ஏ. எதிர்த்து வாக்களித்தது, கூட்டணியில் இல்லாத ஆக்‌ஷன் எஸ்.ஏ. ஆதரித்தது. பிறகு டி.ஏ.வும் எதிர்க்கட்சியான இ.எஃப்.எஃப்.பும் நீதிமன்றம் சென்றன. ஏப்ரல் 24 அன்று நிதியமைச்சகம் உயர்வைக் கைவிடுவதாக அறிவித்தது. சில நாட்களில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அதற்கு முத்திரை வைத்தது.

தெருவின் கோபம் மட்டும் இதைச் சாதித்ததாக நான் நினைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை போதாமை, நீதிமன்ற வழக்கு, தொழிற்சங்கங்களும் வணிகர்களும் குடும்பங்களும் எழுதிய கருத்துகள் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. நமக்கு முதல் இரண்டும் கையில் இல்லை. மூன்றாவதை மட்டும் நாம் சரியாகச் செய்யலாம்.

அதற்குக் கடைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். கடந்த மாதத்துச் சீட்டுகளை எடுத்து வரி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரியுங்கள். அரிசி, பருப்பு, முட்டை, பால், சமையல் எண்ணெய், காய்கறி, பழம், பிரவுன் பிரெட், டின் பில்ச்சர்ட் மீன் ஆகியவற்றுக்கு வாட் பூஜ்யம். வெள்ளை பிரெட், கோழி, மசாலா, டீத்தூள், சோப்பு, மின்சாரம் ஆகியவற்றுக்கு 15 சதவீதம். சீட்டில் பூஜ்ய வரிப் பொருளைக் காட்டும் குறி கடைக்குக் கடை மாறும், அடியில் வாட் தொகை தனியாக அச்சாகியிருக்கும். வரியோடு சேர்த்து 2,300 ரேண்டுக்கு வரியுள்ள பொருள் வாங்கும் குடும்பத்தில் அதில் 300 ரேண்ட் வரி. 15.5 சதவீதமானால் அதே பொருள் 2,310 ரேண்ட், 17 சதவீதமானால் 2,340 ரேண்ட். மாதம் பத்து ரேண்ட் என்று எழுதினால் வாதம் மெலிந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். உண்மையான கணக்கைப் பார்த்த குழு உறுப்பினர் அடுத்த வரியையும் நம்பிப் படிப்பார். அடுத்த வரியில், அந்த வீட்டில் முதியோர் உதவித்தொகை ஒன்றே வருமானம் என்பதையும், கோழிக்கும் மின்சாரத்துக்கும் பூஜ்ய வரிப் பட்டியல் துணைவராது என்பதையும் சொல்லுங்கள். சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வார இறுதியில் கீரையும் காயும் வாங்குபவருக்கு அங்கே வாட் உயர்வு தெரியாது, திரும்பிவந்து முன்பணம் கட்டி வாங்கும் மின்சார டோக்கனை மீட்டரில் போடும்போது தெரியும். இந்த வேறுபாட்டை நம் வீட்டுப் பெண்கள் அளவுக்குத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஆகவே மனு எழுதும்போது அவர்களை முதலில் கேளுங்கள்.

இதே நிகழ்விலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. உயர்வைக் கைவிட்டதால் மூன்றாண்டுத் திட்டத்தில் சுமார் 75 பில்லியன் ரேண்ட் குறையும் என்று நிதியமைச்சகம் கணக்கிட்டது. மே 21 அன்று வந்த மூன்றாவது பட்ஜெட்டில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 16 சென்ட்டும் டீசல் வரி 15 சென்ட்டும் கூடின, ஜூன் 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அதற்கு ஈடான தொகையை எங்கிருந்து எடுப்பது என்பதை அமைச்சகம் நம்மைக் கேளாமலே தீர்மானிக்கும். எந்தச் செலவைக் குறைக்கலாம், எந்த வரியை ஏற்கலாம், பூஜ்யப் பட்டியலில் எதைச் சேர்த்தால் ஏழை வீட்டுக்குப் பயன் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

மனுவை எழுதி அனுப்புதல்

அரசியலமைப்பின் 59ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையையும், 72ஆம் பிரிவு மேலவையான மாகாணங்களின் தேசிய மன்றத்தையும், 118ஆம் பிரிவு மாகாணச் சட்டமன்றங்களையும் மக்கள் பங்கேற்புக்கு வழிசெய்யக் கட்டாயப்படுத்துகின்றன. இது வெறும் சம்பிரதாயம் அன்று. போதிய பங்கேற்பு இல்லை என்ற காரணத்துக்காகவே அரசியலமைப்பு நீதிமன்றம் 2006இல் சுகாதாரச் சட்டங்கள் சிலவற்றைச் செல்லாது என்று தீர்த்திருக்கிறது. ஆகவே குழு கருத்துக் கேட்கும் அறிவிப்பை ஒரு சடங்காக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அறிவிப்புகள் நாடாளுமன்ற இணையதளத்திலும் கெஜட்டிலும் வரும். குழுக் கூட்டங்களின் பதிவுகளைப் பார்லிமென்ட்டரி மானிட்டரிங் குரூப் என்ற அமைப்பின் தளத்திலும் பார்க்கலாம்.

கால அளவு மிகச் சிறியது. பட்ஜெட் படிக்கப்பட்ட 16 நாட்களுக்குள் நிதிக் குழுக்கள் நிதிக் கட்டமைப்பு பற்றிய அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும், பொது விசாரணையும் அதற்குள்ளேயே நடக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், கெடு தாண்டி வந்த மனுவும் அப்படியே.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. மேலே குழுவின் பெயர், மசோதாவின் எண், உங்கள் பெயர், தொடர்பு முகவரி. பேலா மசோதாவுக்கு பி 2–2022 என்று எண் இருந்ததுபோல் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பிறகு எந்தப் பிரிவு, அதனால் உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கடையிலோ நேர்வது என்ன, அந்தப் பிரிவின் வாசகம் எப்படி மாற வேண்டும் என்று எழுதுங்கள். கடைசியில் நேரில் பேச விருப்பமா என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள், கேட்டவர்களிலிருந்தே குழு அழைக்கும். தென்னாப்பிரிக்காவின் 12 ஆட்சி மொழிகளில் தமிழ் இல்லை என்பதால் ஆங்கிலத்திலோ சுலுவிலோ அனுப்புங்கள், ஆனால் வீட்டு முதியோரோடு தமிழில் பேசி அவர்கள் சொல்வதை முதலில் தமிழிலேயே எழுதிக்கொண்டால் பொருள் சிதையாது. பள்ளி மொழிக் கொள்கை பற்றி எழுதுவோர், சமூகங்கள் பேசும் மொழிகளை மதிக்கச் செய்ய வேண்டும் என்று கூறும் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் வெளிப்படையாக இருப்பதை எடுத்துக்காட்டலாம். அது கையில் இருந்தும் நாம் பயன்படுத்தாத ஆதாரம்.

ஒரே வாசகத்தைப் பிரதியெடுத்து ஆயிரம் பேர் அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எண்ணிக்கை பதிவாகும், வாதம் ஒன்றாகவே எண்ணப்படும். கோயில் கமிட்டி ஒன்று, முதியோர் சங்கம் ஒன்று, மளிகைக்கடைக்காரர் ஒருவர் என்று மூன்று வேறு அனுபவங்கள் மூன்று மனுக்களாகப் போவது மேல். கோயிலின் பெயரில் அனுப்புவதானால் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மாற்றுக் கருத்துடையோர் இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். நம் சமூகத்தில் ஏ.என்.சி.க்கும் டி.ஏ.வுக்கும் மற்றவற்றுக்கும் வாக்களிப்போர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருமித்த குரல் என்று இல்லாததை எழுதுவது முறையன்று. நில எடுப்புச் சட்டத்தில் இது கூர்மையாகத் தெரிகிறது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தால் வீடும் நிலமும் இழந்த குடும்பத்தில் ஒருவர், சில வேளைகளில் நிலத்தை இழப்பீடின்றியும் எடுக்கலாம் என்று புதிய சட்டம் சொல்வதைக் கண்டு நடுங்குவார், அதே வீட்டில் இன்னொருவர் பறிபோனது திரும்ப வழி என்று அதை வரவேற்பார். இரண்டையும் குழு கேட்க வேண்டும்.

தெருவில் இறங்குவதானால் 17ஆம் பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் மனுக் கொடுக்கவும் உரிமை தருகிறது. 15 பேருக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன் நகராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தில்லையாடி வள்ளியம்மை போன்றோர் சிறை சென்ற 1913 போராட்டத்துக்கு முன்னும் ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்மீது போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மனுக்கள் எழுதப்பட்டிருந்தன. 1914இல் அந்த வரி நீங்கியபோது நம்மவர் கேட்டது என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஊர்வலம் போகிறவர் கையிலும் பிரிவு எண்ணும் கோரிக்கையும் எழுதிய தாள் இருக்கட்டும்.

அனுப்பிய நாள், வந்த ஒப்புகை, மனுவின் நகல் மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். குழுவின் அறிக்கை வெளிவந்ததும் உங்கள் வாதத்துக்குப் பதில் உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் குழுத் தலைவருக்கு ஒப்புகையை இணைத்து எழுதிக் காரணம் கேளுங்கள். ஆவணம் வேண்டுமென்றால் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம், பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. பின்னாளில் யாரேனும் அந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், மக்களிடம் கேட்டார்களா, கேட்டதை எடைபோட்டார்களா என்பதற்கு இந்தக் கோப்புதான் சான்று. பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வருவதால், கடைச் சீட்டுகளைச் சேர்க்கும் வேலையை டிசம்பரிலேயே தொடங்கி, ஜனவரிக் கமிட்டிக் கூட்டத்தில் யார் எழுதுவது என்று பெயர் குறித்துவிடுங்கள்.