ஆப்பிள் பை (pie) அடியில நசநசன்னு ஆகாம இருக்க

லீவுக்கு வீட்டுல எல்லாரும் கூடும்போது ஆப்பிள் பை பண்ணப் போறீங்கன்னா முதல்ல பழத்துத் தண்ணிய கவனிங்க, அடி மாவு நசநசன்னு போறதுக்கு முக்காவாசி அதுதான் காரணம். நறுக்கின ஆப்பிள் 1 கிலோவுக்கு சர்க்கரை 100 கிராம், கொஞ்சம் எலுமிச்சை சாறு போட்டுப் பிசிறி அரை மணி நேரம் வடிகட்டியில வெச்சீங்கன்னா கீழ கிண்ணத்துல சாறு இறங்கி நிக்கும், அதைக் கொட்டிடாதீங்க, அதுலதான் ருசியே இருக்கு, சின்ன பாத்திரத்துல பாகு மாதிரி சுண்ட வெச்சு ஆறினதும் 2 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோரோட பழத்துலயே கலந்துடுங்க. மாவுக்கு வெண்ணெய் ஜில்லுனு இருக்கணும், பட்டாணி சைஸ்ல கட்டி கட்டியா தெரிஞ்சாலும் விட்டுடுங்க, அப்பதான் ஏடு ஏடா மொறுமொறுன்னு வரும்.

அவன்ல கீழ்த்தட்டுல 220 டிகிரி செல்சியஸ்ல 20 நிமிஷம், அப்புறம் 190ல ஒரு 40 நிமிஷம். மேல சிவந்தா மட்டும் போதாது, மேல் மாவுல நடுவுல கீறின இடத்துல சாறு கெட்டியா கொப்புளிக்கணும்.

எடுத்ததும் 3 மணி நேரமாவது தொடாதீங்க. ஒரு தடவை பசங்க நச்சரிப்பு தாங்காம சூட்டோட வெட்டிட்டேன், பீஸா வரல, கரண்டியில அள்ளித்தான் போட்டேன் (ஒருத்தரும் மிச்சம் வெக்கல, அது வேற விஷயம்).