இணையத் தேடலில் எல்லோர் விடையும் ஒன்றாக வந்தபோது

ஒன்பதாம் வகுப்புக்கு மேட்டூர் அணை பற்றி இணையத்தில் தேடி எழுதும் பணி கொடுத்தேன். வந்த விடைகள் எல்லாம் ஒரே பத்தி.

கணினியில் ஒட்டுவதால்தான் இப்படி என்று நோட்டில் கையால் எழுதச் சொன்னேன். இணையப் பக்கத்திலிருந்த அடிக்குறிப்பு எண்களும் சதுர அடைப்புக்குறியோடு நோட்டுக்கு வந்துவிட்டன! அந்தத் தளத்தைத் தவிர்க்கச் சொன்னால், அதே பத்தி வேறு தளத்திலிருந்து வந்தது. நானே நல்ல இணைப்புகளைத் தேர்ந்து கொடுத்தும், முதலில் முடித்தவரின் குறிப்பு வகுப்பைச் சுற்றியது.

1995இல் அமெரிக்கக் கல்வியாளர் பெர்னி டாட்ஜ் வகுத்த வெப்குவெஸ்ட் (இணையத் தகவலைப் பயன்படுத்தி ஒரு பணியை முடிக்கும் கற்றல்) முறையைப் படித்த பிறகே வழி தெரிந்தது. அதன் உயிர், நாம் கொடுக்கும் பணியில்தான் இருக்கிறது. அணை 1934இல் முடிந்தது என்பதைக் கேட்காமல், “முழு மட்டம் 120 அடி, இப்போது 80 அடிதான். குறுவைக்கு ஜூன் 12இல் திறக்கலாமா?” என்று கேட்டேன். டெல்டா விவசாயி, குடிநீர் அதிகாரி, பொறியாளர் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கும் மூவர் குழு; முடிவில் குழுவுக்கு ஒரே பரிந்துரைக் கடிதம்.

பலரும் கவனிக்காதது இதுதான்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வெவ்வேறு இணைப்புகள் தர வேண்டும். அப்போதுதான் ஒருவர் படித்தது மற்றவருக்குத் தேவைப்படுகிறது. கடிதங்கள் வேறுவேறாக வந்தன, பெரும் நிம்மதி. இணைப்புகளைத் தாளில் கொடுக்காதீர்கள், தட்டச்சு செய்வதிலேயே பாடவேளை போய்விடும்.