பிரிம்ரோஸ் வளர்ப்பு: பனிக்கு அஞ்சாது, கோடைக்குத்தான் அஞ்சும்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நான் நட்ட முதல் ஆறு பிரிம்ரோஸ் செடிகளும் ஜூலையில் கருகிப்போயின. பனி பொழிந்த இரவுகளில் சாக்குப் போட்டு மூடிக் காத்தவன், தெற்குப் பார்த்த சுவரோரம் நட்டதுதான் தவறு என்று அப்போது அறியவில்லை. இது ஐரோப்பிய மரநிழல்களில் வளரும் செடி. குளிர் அதற்குப் பழகியது. காய்ந்த மண்தான் எமன்.

1. செடி வாங்குதல்

வெளிர்மஞ்சள் பூப் பூக்கும் காட்டு வகையை (பிரிமுலா வல்காரிஸ்) வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் நீலம், சிவப்புக் கலப்பினங்கள் அழகுதான். ஆனால் அவற்றில் பல ஒரு பருவத்தோடு விடைபெற்றுவிடும். காட்டோரம் பூத்திருப்பதைப் பெயர்த்து வரும் ஆசை வேண்டாம்: நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

2. இடமும் நடுதலும்

இலையுதிர் மரத்தடி மிகப் பொருத்தம். வசந்தத்தின் தொடக்கத்தில் கிளைகள் மொட்டையாக இருப்பதால் பூக்கும் காலத்தில் வெளிச்சம் கிடைக்கும். கோடையில் இலைகள் அடர்ந்து குடை பிடிக்கும். மரமில்லையென்றால் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த பாத்தி. மண்ணில் இலைமக்கைத் தாராளமாகக் கலந்து, 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். இலைகள் கிளம்பும் நடுக்குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும். அது மண்மட்டத்திலேயே இருக்கட்டும்.

3. தண்ணீர்

மழை தவறினால் வேர்வரை நனையும்படி ஊற்றுங்கள். இலைமேல் தெளித்துவிட்டு ஊற்றியதாகக் கணக்குச் சொல்லக் கூடாது.

4. பிரித்து நடுதல்

மூன்று ஆண்டுகளில் தூர் கட்டி நெருக்கிக்கொண்டு பூ குறையும். பூத்து ஓய்ந்ததும் செடியை மண்ணோடு கிளப்பி, வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். மண் கரைந்ததும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருக்கும் குருத்துகள் தனித்தனியாகத் தெரியும். கத்தி தேவையில்லை. இரு கட்டைவிரல்களையும் நடுவில் கொடுத்து மெல்ல விலக்கினால் வேரோடு பிரிந்து வரும். பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு அன்றே நட்டு, சில வாரங்களுக்கு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பூச்சிகள்

ஓடில்லா நத்தைகளை இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்கலாம். நன்றாக நின்ற செடி திடீரெனத் துவண்டால் வேரைப் பாருங்கள்: பழுப்புத் தலையும் வளைந்த வெள்ளை உடலுமாகப் புழு இருந்தால் அது கூன்வண்டின் வேலை. தொட்டிச் செடிகளில்தான் இதன் தொல்லை அதிகம். குருவிகள் பூவைக் கொத்திப்போடுவதற்கு என்னிடம் மருந்தில்லை, பொறுத்துக்கொள்கிறேன்.

6. விதை

விதை வேண்டுமென்றால் முதலில் பூவின் நடுவே உற்றுப்பாருங்கள். சில செடிகளில் குண்டூசித் தலைபோல் பச்சைச் சூல்முடி எட்டிப்பார்க்கும். வேறு சிலவற்றில் அது உள்ளே ஒளிந்திருக்க, பூவின் வாய்ப்பகுதியில் மகரந்தப் பைகள் கூடி நிற்கும். 1862இல் டார்வின் கட்டுரை எழுதியது இந்த இரு வடிவங்களைப் பற்றித்தான். இரண்டும் அருகருகே இருந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும்.

முற்றிய விதையைத் தட்டில் நிரப்பிய ஈர மண்கலவையின்மேல் தூவி, மண்ணால் மூடாமல் விடுங்கள்; முளைக்க வெளிச்சம் வேண்டும். குளிர்காலம் முழுவதும் அந்தத் தட்டை வெளியிலேயே நிழலில் வையுங்கள். டிசம்பரில் வெறும் மண்ணாகத்தான் இருக்கும். கொட்டிவிடாதீர்கள், வசந்தம்வரை காத்திருங்கள்.