கிடாய்க் கொம்பைப் பதப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டுக் கிடாய் செத்தால் அதன் கொம்பை எடுத்து வைப்பவர்கள் மதுரைப் பக்கம் உண்டு. கொஞ்ச நாளில் கொம்பு மண்டையில் நிற்காமல் ஆடும், அடிப்பக்கம் வெடித்திருக்கும். சுருங்குவதைத் தடுக்க முடியாது. அதற்கு இடம் விட்டு வேலை செய்யலாம்.

வெளிக்கூடு நகம் மாதிரி கெரட்டின். உள்ளே எலும்பு, நடுவில் சவ்வு. கூடு காயக் காயச் சுருங்கும், எலும்பு அவ்வளவு சுருங்காது. அதனால் கூடு மெலிந்த அடிவிளிம்பில் கீறல் விடும். சவ்வு அழுகினால் ஆட்டம் காணும்.

பெரிய தவறு, தலையைக் கொம்போடு முழுக்கக் கொதிக்க வைப்பது. கெரட்டின் இளகிக் கோணும். கொம்பின் அடிவரை மட்டும் தண்ணீர் இருக்கட்டும், தீ மெதுவாக எரியட்டும். அவசரமில்லை என்றால் மூடிய வாளித் தண்ணீரில் ஊறப் போட்டால் போதும். நம்ம ஊர் வெக்கைக்கு ஒரு வாரம், பத்து நாளில் சவ்வு விட்டுவிடும். நாற்றத்துக்குத் தோட்டத்தில் வைப்பது நல்லது. நேராக இழுக்காதீர்கள். சுருள் போகும் திசையிலேயே திருகினால் கூடு கழன்று வரும்.

கழற்றியதைக் காலியாகக் காயவிடுவது அடுத்த தவறு. அது சுருங்கி, பிறகு எலும்பில் ஏறவே ஏறாது. எலும்பின் நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை அறுத்துவிட்டு, கூட்டுக்குள் காய்ந்த மணலை நிரப்பி நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை மணலைக் கொட்டி, எலும்பில் மாட்டிப் பாருங்கள். இடித்தால் எலும்பை அரம் போட்டுத் தேயுங்கள். நன்றாகக் காய்ந்தபின் எம்சீல் (பிசைந்து ஒட்டும் பசை) வைத்து ஒட்டலாம்.

சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் மேல்பக்கம் முதலில் இறுகி நெடுகப் பிளக்கும். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கெரட்டினை அரிக்கும். மண்டையோட்டை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், அதுவும் கொம்பில் படக்கூடாது. ஈரம் போகுமுன் வார்னிஷ் அடித்தால் உள்ளே புழுங்கி நாறும். பூச்சி அரிக்காமல் இருக்க உள்பக்கம் வெங்காரத் தூள் (போராக்ஸ்) தூவுங்கள்.

அளவெடுக்கவும் அவசரம் கூடாது. வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், 60 நாள் அறைக்காற்றில் காய்ந்த பிறகே அளவை ஏற்கிறது.

இதெல்லாம் வீட்டு ஆட்டுக்குத்தான். மான், காட்டெருமைக் கொம்பு என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். காட்டில் உதிர்ந்து கிடந்த மான் கொம்பும் அரசுச் சொத்துதான்.