மின்சாரக் காருக்கு முதலில் மின்னிணைப்பு: தமிழ்நாட்டு உரிமையாளருக்கான நடைமுறை வழிகாட்டி

மின்சாரக் கார் வாங்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஷோரூமில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வீட்டு மீட்டர் பெட்டி. எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர் ரேஞ்ச், எவ்வளவு தள்ளுபடி என்னும் கேள்விகளெல்லாம் அதற்குப் பின் வருபவை. இரவில் வண்டி நிற்கும் இடத்திலேயே நம்பகமான ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்தால், சிறிய பேட்டரி கொண்ட காரும் அன்றாடத் தேவைக்குக் கவலையின்றி உழைக்கும். அது இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும் உங்கள் மாலைப் பொழுதுகளைப் பொதுச் சார்ஜிங் நிலையத்தில் கழிக்க நேரும். தெருவோரத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களும், வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதம் கிடைக்காதவர்களும் இப்போதைக்கு வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிளக்கும் எர்த்தும்

காருடன் கொடுக்கப்படும் கையடக்கச் சார்ஜர் ஏறக்குறைய 3.3 கிலோவாட் மின்சாரத்தை இழுக்கும். கீசரும் அதற்கு நெருக்கமான அளவை இழுப்பதுதான். ஆனால் அது கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது, கார் எட்டு ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் இழுக்கிறது. பழைய வயரும் தளர்ந்த சாக்கெட்டும் உருகிப்போவதற்குக் காரணம் இந்த நீண்ட நேரச் சுமைதான். ஆகவே ஏற்கெனவே இருக்கும் பிளக் பாயின்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து இழுக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி லைன் வர வேண்டும். 15 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயரும் போடச் சொல்லுங்கள். தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமனான வயர் தேவைப்படும். அந்த லைனுக்கென்று, சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்சிபியும், 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே ட்ரிப் ஆகும் ஆர்சிசிபியும் இருப்பது கட்டாயம். முதல் முறை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்கச் செய்யும் சூடு இருக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில் மின்சாரக் கார் மிகவும் கண்டிப்பானது. பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் சரியில்லாமலேயே ஆண்டுக்கணக்கில் ஓடுகிற வீட்டில், கார் மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டிச் சார்ஜ் ஏற மறுக்கும். பழுது காரில் இருக்கிறது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறதென்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் இருந்தால் குறையில்லை. அதைவிட வெகுவாக உயர்ந்திருந்தால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் குழி வறண்டு எர்த் பலவீனமாவது நம் ஊரில் வழக்கம். கரியும் உப்பும் இட்ட குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதே பல வீடுகளில் போதுமான மருந்தாக இருக்கிறது. எர்த் சோதனையை ஏமாற்ற உதவும் சில்லறைக் கருவிகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவற்றைத் தொடவே வேண்டாம்.

மும்முனை இணைப்புள்ள வீடுகளில் ஏசியும் மோட்டாரும் எந்த பேஸில் ஓடுகின்றன என்று பார்த்து, சுமை குறைந்த பேஸில் காரைச் சேர்க்க வேண்டும். மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பியதும் சார்ஜ் தானாகத் தொடர்கிறதா என்பதை ஒரு முறை எம்சிபியை அணைத்துப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். சில சார்ஜர்கள் கன்னை, அதாவது காரில் செருகும் முனையை, கழற்றி மாட்டினால்தான் மறுபடி இயங்கும். அது தெரியாதவர்கள் காலையில் பாதி பேட்டரியுடன் அலுவலகம் புறப்பட வேண்டியிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் காரை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்குக் கம்பியைவிட அசோசியேஷன்தான் பெரிய வேலை. வீட்டில் இருக்கும் மின்னிணைப்பிலிருந்தே காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பதை மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் தெளிவாக அனுமதிக்கின்றன. நுகர்வோர் கேட்டால் சார்ஜிங்கிற்கெனத் தனி இணைப்பு தர வேண்டும் என்று 2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளும் சொல்கின்றன. ஆனாலும் விதியைக் காட்டி வாதாடுவதைவிட, உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை லைன் செல்லும் வழியின் வரைபடத்தையும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் கையெழுத்தையும் இணைத்து எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிப்பது விரைவில் பலன் தரும். பொது மின்சாரத்தைப் பயன்படுத்தும் எண்ணமில்லை என்பதும், தீ விபத்துக்கு எதிரான பாதுகாப்பு இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டால் பெரும்பாலான எதிர்ப்பு தணிந்துவிடும். கூடுதல் மின்பளு தேவையா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

7.2 கிலோவாட் சார்ஜர் அவசியமா என்று பலரும் கேட்கிறார்கள். இரவு ஒன்பது மணி நேரத்தில் 3.3 கிலோவாட் பிளக், இழப்பு போக, 25 யூனிட்டுக்கு மேல் பேட்டரியில் சேர்த்துவிடும். அது நகரத்தில் 150 கிலோமீட்டரைத் தாராளமாகத் தாண்டும். நாளுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு?

மின்கட்டணக் கணக்கு

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை வைத்துக் கணக்கிடுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் நடுத்தரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்துப் பதினைந்து விழுக்காட்டையும் சேர்த்தால், ஏறக்குறைய 150 யூனிட் எடுக்கும். நம் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் அது 2000 கிலோமீட்டருக்கு 300 யூனிட். இதுவரை 400 யூனிட் செலவழித்த வீடு 700 யூனிட்டுக்குப் போகிறது என்று கொள்வோம். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப் படிநிலையின் கட்டணமும் சேர்ந்து மாறுவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாயும், 700 யூனிட்டுக்கு 3,650 ரூபாயும் ஆகின்றன. அதாவது காருக்கான 300 யூனிட்டின் உண்மை விலை 2,525 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 26 காசு. அதன் பின் விகிதங்கள் சற்று உயர்ந்திருப்பதால் இன்று இதைவிடக் கூடுதலாகும். கோடையில் இரண்டு ஏசி ஓடும் வீட்டில் காரின் யூனிட்டுகள் எல்லாம் மிக உயர்ந்த படிநிலையிலேயே விழும். அப்படியிருந்தும், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே 2000 கிலோமீட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே, 14,000 ரூபாய்க்கு மேல் குடிக்கும். ஆகவே லாபம் உண்டு. ஆனால் மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓடாத வீட்டில், காரின் கூடுதல் விலையை அந்த லாபம் ஈடுகட்ட வெகுகாலம் பிடிக்கும்.

பேட்டரியைப் பழக்கும் முறை

உங்கள் காரில் இருப்பது எந்த வகை பேட்டரி என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் பழக்கம் அதைப் பொறுத்தே அமைய வேண்டும். என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த) வகையென்றால் அன்றாடம் 80 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு, நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுதாக ஏற்றுவது பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது. டாட்டா நெக்ஸான் போன்ற கார்களில் இருக்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை முழுச் சார்ஜை நன்றாகவே தாங்கும். அதற்கு வேறொரு தேவை உண்டு. எல்எஃப்பி பேட்டரியின் வோல்டேஜ், இருப்பு எழுபது விழுக்காடாக இருந்தாலும் நாற்பதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைக் காரின் கணினி உள்ளே போன, வெளியே வந்த மின்சாரத்தைக் கூட்டிக் கழித்துத்தான் மதிப்பிடுகிறது. சிறு பிழைகள் நாள்தோறும் சேர்ந்து, திரையில் 15 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று 5க்கு இறங்கும் நிலை உண்டாவது இதனால்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது, வீட்டு பிளக்கில் மெதுவாக 100 விழுக்காடு வரை ஏற்றி, சார்ஜர் தானே நிற்கும் வரை விட்டுவிட்டால் கணக்கும் நேராகும், செல்களும் சமநிலைக்கு வரும்.

வெயிலில் ஓடி வந்த உடனே கன்னை மாட்டாமல், சற்று ஆறவிட்டு நள்ளிரவில் தொடங்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். மின்னழுத்தம் மாலையில் தாழ்ந்துபோகும் ஊர்களிலும் நள்ளிரவே ஏற்ற நேரம். பல வாரம் வெளியூர் போகிறவர்கள் பேட்டரியைப் பாதியளவில் விட்டுச் செல்வது நல்லது. முழுதாகவோ வெறுமையாகவோ விட வேண்டாம்.

வெளியூர்ப் பயணம்

விளம்பரத்தில் சொல்லப்படும் ரேஞ்ச் ஆய்வுக்கூடச் சுழற்சியில் அளந்தது. திட்டமிடும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காருக்கு நேர்மாறாக மின்சாரக் கார் நகர நெரிசலில் சிக்கனமாகவும் நான்குவழிச் சாலையில் தாராளமாகவும் செலவழிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடுகிறது. எனவே பயணத்தில் இருப்பு குறைகிறதென்றால் ஏசியை அணைத்து வியர்ப்பதில் பயனில்லை. வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். 45 யூனிட் (கிலோவாட் ஹவர்) பேட்டரி கொண்ட காரில் முழுச் சார்ஜுடன் புறப்பட்டால், 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உளுந்தூர்பேட்டைப் பகுதியில் காலை உணவோடு ஒரு நிறுத்தமும், திருச்சியை ஒட்டி ஒரு சிறு நிறுத்தமும் போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இருப்பு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் சென்று சேரும்படி திட்டமிடுங்கள். அந்த நிலையம் பழுதாக இருந்தால் அடுத்ததற்குப் போக உதவும் முன்பணம் அது. டாட்டா பவர், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜியான் போன்ற சார்ஜிங் நிறுவனங்களின் செயலிகளைப் புறப்படுவதற்கு முதல் நாளே நிறுவி, அவற்றில் பணம் ஏற்றிவிடுங்கள். நெடுஞ்சாலையோரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்குக் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். சார்ஜிங் நிலையங்களைப் பற்றிப் பயனர்கள் பதிவிடும் பிளக்ஷேர் செயலியில் அண்மையில் யாராவது வெற்றிகரமாகச் சார்ஜ் போட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கன் சிசிஎஸ் 2 என்னும் வேகச் சார்ஜிங் வகையாக இருக்க வேண்டும். 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் கருவியில் இரண்டு கன் இருந்து, இன்னொரு காரும் நின்றால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கக்கூடும். 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பொங்கல், தீபாவளி நெரிசலில் அந்த அளவோடு வண்டியை எடுத்து அடுத்தவருக்கு வழிவிடுங்கள். இது மரியாதை மட்டுமன்று, உங்கள் நேரத்துக்கும் லாபம். பொது நிலையங்களில் யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டியும் அதைத் தாண்டியும் ஆகும் என்பதால், நெடும்பயணத்தில் சேமிப்பு வீட்டுக் கணக்கைப்போல் இருக்காது.

மலைப்பயணத்துக்குக் கணக்கே வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர வேண்டும். ஆட்களுடன் 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 9 யூனிட் போய்விடும், தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது ரீஜென் வழியாக, அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் முறையால், அதில் கணிசமான பகுதி திரும்பி வரும். ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லாமல் ரீஜென் செயலிழந்து, கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். எனவே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடுதியில் பிளக் கிடைத்ததே என்று 100 வரை ஏற்றாமல், 80 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

மழையும் பராமரிப்பும்

மழையில் சார்ஜ் போடலாமா என்றால், காரின் முனையும் கன்னும் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. நனையக் கூடாதது சுவரிலுள்ள சாக்கெட். அதற்கு மூடியும் மேற்கூரையும் தேவை, தரையிலிருந்து நல்ல உயரமும் தேவை. வெள்ளம் வேறு விஷயம். பேட்டரிப் பெட்டிகள் பலவற்றுக்கு ஐபி67 தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள், இரவு முழுவதும் தேங்கிய சாக்கடை நீரில் தாங்கும் என்பதன்று. மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்களே, அந்த முன்யோசனை மின்சாரக் காருக்கு இன்னும் பொருந்தும். எச்சரிக்கை வந்ததும் சார்ஜ் ஏற்றி மேட்டில் நிறுத்திவிடுங்கள்.

எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை என்பதால் சர்வீஸ் செலவு குறைவு. கூலன்ட், பிரேக் ஆயில், ஏசி பில்டர் ஆகியவை மட்டும் குறித்த காலத்தில் மாற வேண்டும். டயர்தான் செலவு வைக்கும். வண்டியின் எடையும் மோட்டாரின் உடனடி இழுவையும் அதை விரைவில் தேய்க்கின்றன, ஆகவே காற்றழுத்தத்தைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி உயிர் பெறாவிட்டால் சந்தேகப்பட வேண்டியது முன்பக்கமுள்ள 12 வோல்ட் சிறு பேட்டரியை. பூட்டும் திரையும் அதில்தான் இயங்குகின்றன, பல நாள் ஓடாமல் நின்றால் அது இறங்கிவிடும்.

காப்பீட்டில் மின்சாரக் கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அந்தப் பணத்தோடு இன்னும் சேர்த்து, நீர் புகுந்து பேட்டரி பழுதானால் ஈடு தரும் கூடுதல் பாதுகாப்பையும், சார்ஜருக்கான பாதுகாப்பையும் எடுத்துவிடுங்கள். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல நிறுவனங்கள் தரும் பேட்டரி உத்தரவாதம் வெள்ளச் சேதத்தை ஏற்காது. வண்டி வழியில் நின்றுவிட்டால், சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கி உள்ளிருக்கும் கருவிகளைக் கெடுத்துவிடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும்படியான லாரியைத்தான் அனுப்ப வேண்டும் என்று உதவி எண்ணில் பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.